இரண்டாவது எண்ணிக்கை

2008 செப்டம்பர் 18

கோளரங்க இயக்குநர் கடோவாக்கி அவர்களுக்கு,

உங்கள் அரங்கச் சுவரில் இருந்த பலகையை நான் பிய்த்து எறியவில்லை. திருகாணிகளைக் கழற்றி எடுத்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அது தெரியாதவர்கள்தான் இப்போது ஊர் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் இருட்டில் ஒளிந்து வரவில்லை. பட்டப்பகலில், நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். யாரையும் குடையால் அடிக்கவில்லை. அன்று குடையே எடுத்து வரவில்லை. அழவும் இல்லை.

சலவைக்கடை ஹமாடா அம்மாள் நேற்று என் வாசலில் நின்று, "புருஷன் போன துக்கம் தலைக்கு ஏறிருச்சுன்னு சொல்றாங்களேக்கா, நெசமா?" என்று கேட்டாள்.

"துக்கம் தலைக்கு ஏறினவ நாலு திருகாணியையும் உறையில போட்டு, மேல என்னன்னு எழுதி வைப்பாளா?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததோடு நிற்காமல் தெருக்கோடி வரை போய்ச் சொல்லியிருப்பாள். சொல்லட்டும், இதுவாவது உண்மை.

உங்கள் வரவேற்பு மேசைப் பெண்ணிடம் திருப்புளி கேட்டதும் உண்மைதான்.

"எதுக்குப் பாட்டி?"

"நான் உனக்குப் பாட்டி இல்ல. இருக்கா, இல்லையா?"

"இருக்கு... எதுக்குன்னு சொன்னீங்கன்னா..."

"சுவத்துல ஒரு அசிங்கம் ஒட்டிக்கிட்டிருக்கு. எடுக்கணும்."

சூயிங்கம் என்று நினைத்தாளோ என்னவோ, கொடுத்துவிட்டாள். அவளைத் திட்டாதீர்கள். பலகை இப்போது என் வீட்டுச் செருப்பு அலமாரிக்குப் பின்னால், முகம் சுவரைப் பார்க்க நிற்கிறது.

அந்தப் பலகையை நீங்கள் ஒருமுறையாவது நின்று பார்த்தீர்களா? நிலாவுக்குக் குழந்தைத் தொப்பி. பூமிக்குச் சமையல் ஏப்ரன், நீண்ட கண்ணிமை, கன்னத்தில் இரண்டு சிவப்பு வட்டம். கைகளை விரித்துக்கொண்டு, பறந்து வரும் கற்களை முதுகில் வாங்கிக்கொள்கிறது. கீழே: "நிலாவின் இந்தப் பக்கத்தில் ஏன் குழிகள் குறைவு தெரியுமா? பூமி அம்மா குறுக்கே நின்று காப்பாற்றுகிறாள்!" அதற்கும் கீழே என் கணவரின் பெயர், இனாமி செய்ஜிரோ. பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு. பார்த்ததும் எனக்கு வாயில் நீர் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அப்படி.

வெளியே வந்தால் விற்பனை மேசையில் இனிப்பு உருண்டைகள். ஒரு பக்கம் வழவழப்பு, மறு பக்கம் விரலால் குத்திய குழிகள். பெட்டி மூடியில் கண்ணாடி போட்ட அவர் முகம், பல்லைக் காட்டிக்கொண்டு. ஒன்றை வாங்கிக் கடித்துப் பார்த்துக் கைக்குட்டையில் துப்பினேன். அவர் இனிப்பைத் தொடமாட்டார் என்பது, அவர் மாணவராக எங்கள் வீட்டில் மூன்று குளிர்காலம் சாப்பிட்ட உங்களுக்குத் தெரியாதா?

இதற்கெல்லாம் முன்பே, நிலா பார்க்கும் விழாவன்று, நாணல் கட்டும் மாவுருண்டைத் தட்டும் வைத்த மேடையில் நின்று மைக்கில் சொன்னீர்கள்: "பூமி நிலாவைக் காப்பதுபோல இனாமி சார் தம் மனைவியைக் காத்தார். அம்மாவின் முகத்தைப் பாருங்கள், ஒரு குழிகூட இல்லை!" கூட்டம் மொத்தமும் திரும்பி என் முகத்தைப் பார்த்தது. எழுபத்தெட்டு வயதில் என்னைச் சந்தையில் மீனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

அந்த வாசகம் தவறு. அது தவறு என்று நிரூபிக்கப் பாடுபட்டவரின் பெயரையே அதன் கீழே போட்டிருக்கிறீர்கள். வாசகத்தை எடுங்கள், இல்லை அவர் பெயரை எடுங்கள். கோபத்தில் எழுதும் கடிதத்தில் எழுத்து சாயக்கூடாது என்று கோபே மடத்துப் பள்ளியில் மதர் க்ளோதில்ட் சொல்லித் தந்தார். இதில் ஓர் எழுத்தும் சாயவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனாமி மிட்சுயே


2008 செப்டம்பர் 24

பெருமதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வெயில் தணிந்து, மலைச்சரிவுகளில் செவ்வல்லி பூக்கத் தொடங்கியிருக்கும் இவ்வேளையில் தாங்கள் நலமுடன் இருப்பீர்கள் என நம்புகிறேன். இத்துடன் எங்கள் ஊர்ப் பச்சைத் திராட்சை ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். இந்த வருடம் கொத்து நன்றாக வந்திருக்கிறது.

தங்கள் மனம் புண்பட்டதற்கு நான் மட்டுமே பொறுப்பு. விழாவில் பேசியதை மன்னித்துவிடுங்கள். பலகையைப் பற்றி நகராட்சியில் கேட்டார்கள். பழுதுபார்க்கக் கழற்றியிருப்பதாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பேச்சு அத்துடன் முடியும்.

ஆனால் அம்மா, அந்தப் பலகை முன்னால்தான் குழந்தைகள் அதிக நேரம் நிற்கிறார்கள். நம் நாட்டு விண்கலம் நிலாவைச் சுற்றி வரத் தொடங்கியதிலிருந்து பள்ளிக்கூடங்கள் வரிசையாக வருகின்றன. ஏழு வயதுப் பிள்ளையிடம் நிலா மேலோட்டின் தடிப்பு, எரிகுழம்பு என்றெல்லாம் சொல்ல முடியுமா? எளிமையாக்கிச் சொன்னோம், அவ்வளவுதான். நகரத் தொடக்கப்பள்ளிகளுக்கான துணைப்பாட நூலிலும் இதே படமும் வாசகமும் சாரின் பெயரோடு வரப்போகின்றன. நவம்பர் கடைசியில் அச்சுக்குப் போகிறது. அவர் பெயர் இனி ஊர்ப் பிள்ளைகள் எல்லார் வாயிலும் இருக்கும். தங்களுக்கு அது மகிழ்ச்சி தரும் என்றே நினைத்திருந்தேன்.

இன்னொன்று. அந்த வாசகம் நாங்கள் இட்டுக்கட்டியதல்ல. அதற்கு மேல் எழுதத் தயக்கமாக இருக்கிறது. தங்களுக்கு வசதியான ஒரு நாளில் நேரில் வந்து பேசுகிறேன்.

பணிவுடன்,
கடோவாக்கி ஹிரோஃபுமி


2008 செப்டம்பர் 27

கடோவாக்கி அவர்களுக்கு,

திராட்சை ஹமாடா அம்மாள் வீட்டுக்குப் போய்விட்டது. நன்றாக இருந்ததாம்.

பலகை பழுதாகவில்லை. எனக்காகப் பொய் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை.

எளிமையாக்கினீர்களாம். எளிமை என்பது உண்மையைச் சின்ன வாக்கியத்தில் சொல்வது. பொய்யைச் சின்ன வாக்கியத்தில் சொல்வதற்கு வேறு பெயர். நான் சொல்கிறேன், ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரிகிறதா பாருங்கள்.

நிலாவில் நின்று பார்த்தால் பூமி எவ்வளவு பெரிதாகத் தெரியும்? கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் அதன் அகலம். அத்தனை சின்னதைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு மழையில் நனையாமல் வீடு வந்து சேருவீர்களா?

நமக்குத் தெரியும் பக்கம் அடி வாங்காத பக்கம் இல்லை. அதுவும் வாங்கியது. அங்கே ஓடு மெல்லியது. உடைந்த இடங்களில் உள்ளிருந்து எரிகுழம்பு பொங்கி வந்து பழைய குழிகளை மூடி உறைந்துவிட்டது. நிலாவின் கருந்திட்டுகளை முயல் மாவு இடிக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறோமே, அந்த முயல்தான் உறைந்த குழம்பு. முயலுக்கு அடியில் குழிகள் இருக்கின்றன. மறுபக்கத்தில் ஓடு தடிப்பு. குழம்பு மேலே வர வழியில்லை. வாங்கிய அடி அத்தனையும் வெளியே தெரிகிறது. வழவழப்பாக இருப்பதால் யாரோ காப்பாற்றினார்கள் என்று சொல்வது, மூடியிருக்கும் பானையைப் பார்த்துக் காலி என்று சொல்வது மாதிரி. இதை நிலாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

என் கணவர் தேடியது இதற்கும் அடுத்தது. நிலா எப்போதும் ஒரே முகத்தை நமக்குக் காட்டுவதால், அது போகும் திசையிலும் எப்போதும் ஒரே பக்கம்தான் முன்னால் இருக்கும். நாம் பார்க்கும்போது இடது விளிம்பு. மழையில் நடப்பவனுக்கு முதுகைவிட மார்பு அதிகம் நனையும். அப்படியானால் வெள்ளைக் கீற்றுத் தெறித்த புதுக் குழிகள் இடப்பக்கம் கொஞ்சமாவது கூடுதலாக இருக்க வேண்டும். இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணினோம்.

எப்படி எண்ணினோம் என்பதை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருப்பதே அருவருப்பாக இருக்கிறது. ஒரே நிலாப் படத்துக்கு இரண்டு பிரதி. அவர் மாடியறையில், நான் சமையலறையில். படத்தின் மேல் மெல்லிய கண்ணாடித்தாள், அதில் பென்சில் புள்ளி. அழிப்பான் கிடையாது. முடிக்கும்வரை பேச்சு கிடையாது. என் பிரதியைத் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ திருப்பி வைத்துவிட்டுத்தான் மாடிக்குப் போவார். எது இடது என்று எனக்குத் தெரியக்கூடாது. "எனக்கு இடப்பக்கம் நெறைய வரணும்னு ஆசை. ஆசைப்பட்டதைத்தான் கண்ணு எண்ணும். அதனாலதான் நீ," என்பார். முடித்ததும் மாடிப்படியில் நின்று குரல் கொடுப்பார்: "மிட்சுயே, எண்ணிட்டியா?" என் கணக்கும் அவர் கணக்கும் பொருந்தினால்தான் அது முடிவு. பொருந்தாவிட்டால் இரண்டும் அடுப்புக்குப் போகும்.

என் கணக்கு அவரோடு பொருந்தாத குளிர்காலங்கள் உண்டு. ஒருமுறைகூட அவர், "நீ தப்பா எண்ணியிருப்ப" என்று சொன்னதில்லை. மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் விரல் விறைக்க உட்கார்ந்திருந்தேன். இதில் யார் யாரைக் காத்தது?

நேரில் வர வேண்டாம். எழுதத் தயங்குவதை எழுதுங்கள்.

இனாமி மிட்சுயே


2008 அக்டோபர் 13

அம்மா,

பருவ விசாரிப்பை விட்டுவிடுகிறேன். உங்களுக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை மழையில் உங்கள் வாசலில் நின்றேன். மாடி ஜன்னலைத் திறந்து, "வாயால சொன்னா நாளைக்கு மாறிரும். எழுதி அனுப்புங்க," என்று சொல்லிச் சாத்திவிட்டீர்கள். தெருவில் நாலு பேர் பார்த்தார்கள். ஐம்பத்தாறு வயதில் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றேன். சரி, எழுதுகிறேன்.

அந்த வாசகம் சாருடையது.

2005 வசந்தத்தில், நீங்கள் கண் அறுவைக்காக ஒகாயாமா மருத்துவமனையில் இருந்த வாரம், அவர் எங்கள் அரங்கில் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசினார். முதலில் நன்றாகத்தான் பேசினார். பிறகு ஒரு சிறுமி எழுந்து, "ஐயா, நமக்குத் தெரியிற பக்கம் மட்டும் ஏன் குழி கம்மி?" என்று கேட்டாள். நான் மேடை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனார். பிறகு சிரித்துக்கொண்டு சொன்னார்: "அதுவா கண்ணு, பூமி குறுக்க நின்னு வாங்கிக்கிச்சு."

பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? நகராட்சி ஆட்கள் முன்வரிசையில். நான் மேடையேறி, எனக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தவரிடம், "சார், தப்பு" என்று சொல்லியிருக்க வேண்டுமா? நம் நாட்டில் எந்த மாணவன் அதைச் செய்வான்? மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்துவிட்டது. அதன் பிறகு எல்லாரும் அதையே கேட்டார்கள். மறுத்தால், அவருக்கு நினைவு தப்பிவிட்டது என்று ஊருக்குச் சொன்னதாக ஆகும். அவருக்காக அதை மூடி மறைத்தேன், உங்களுக்காகவும்தான். நீங்கள் திட்டுகிறீர்களே, குறுக்கே நின்று வாங்கிக்கொள்வதென்று, அதை மூன்று வருடமாகச் செய்துகொண்டிருப்பவன் நான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கைதட்டலுக்கு நடுவில் அவர் உங்களைத் தேடினார். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இருங்க, இருங்க. மிட்சுயே எண்ணிட்டாளா?" என்று கேட்டார். திரும்பவும், "மிட்சுயே எங்க? அவ எண்ணிட்டாளா?" நான் போய்க் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். ஆசிரியைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எல்லாம் மறந்துபோன பிறகும் மனைவியின் பெயர் மறக்கவில்லையே என்று அரங்கமே உருகிப்போனது. விழாவில் நான் பேசியது அதை மனதில் வைத்துத்தான்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். சாரின் பெயரைக் காப்பாற்றுவதா, நிலாவைப் பற்றிய ஒரு வரியைக் காப்பாற்றுவதா? நூல் அச்சுக்குப் போக இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

கடோவாக்கி


2008 நவம்பர் 5

கடோவாக்கி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். திரும்ப வந்து படித்தேன், திரும்பக் கழுவினேன். அதனால் பதில் தாமதம்.

அவர் அப்படிச் சொல்லியிருப்பார். நம்புகிறேன். அதற்கு முந்தின குளிர்காலத்திலேயே செருப்பை அரிசி டப்பாவில் வைக்கத் தொடங்கிவிட்டார். அப்போதே உங்களுக்கு எழுதினேன், இனி அவரை மேடைக்கு அழைக்காதீர்கள் என்று. நான் மருத்துவமனையில் படுத்திருந்த வாரம் பார்த்து அழைத்திருக்கிறீர்கள். உங்கள் அரங்குக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. கறி வெந்த பிறகு எலும்பைக் கொதிக்க வைப்பதுபோல், அவர் இறந்த பிறகும் அந்தப் பெயரை விடவில்லை. படமாக்கி, ஏப்ரன் கட்டி, இனிப்புப் பெட்டிக்கு மூடியாக்கிவிட்டீர்கள். இதற்குப் பெயர் குறுக்கே நின்று வாங்கிக்கொள்வதா?

ஆனால் எனக்குக் குமட்டியது இதனால் இல்லை.

அந்த ஆசிரியைகள் அழுதது அவர்கள் பாடு. அவர்கள் எங்கள் சமையலறையில் எண்ணியதில்லை. நீங்கள் எண்ணியவர். "எண்ணிட்டியா?" என்று மாடிப்படியில் இருந்து வரும் குரலை மூன்று குளிர்காலம் என்னோடு உட்கார்ந்து கேட்டவர். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருவர் இறந்துவிட்டார். ஒருத்தி கண்ணில் கட்டோடு ஒகாயாமாவில் இருந்தாள். மூன்றாவது ஆள் மேடை ஓரத்தில் நின்றார்.

அவர் என்னைத் தேடி ஏங்கவில்லை, கடோவாக்கி. விடையைச் சரிபார்க்கச் சொன்னார். பாடம் உதிர்ந்துவிட்டது, குழம்பும் ஓடும் முயலும் போய்விட்டன, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். சொன்ன கணமே அது பொருந்தவில்லை என்று ஏதோ ஒன்று அவரைப் பிடித்து இழுத்திருக்கிறது. தன் கண்ணைத் தனியாக நம்பாத அந்தப் பழக்கம் மட்டும் கடைசிவரை உதிரவில்லை. "இருங்க" என்றார். இரண்டு முறை கேட்டார். அந்த மேடையில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான். நீங்கள் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தீர்கள். பிறகு, சரிபார்க்கப்படாத ஒரு கணக்கைப் பலகையில் ஏற்றினீர்கள். அவர் உயிரோடு இருந்திருந்தால் அதை அடுப்பில் போட்டிருப்பார்.

அவர் பெயரா, நிலாவா என்று கேட்டீர்கள். அவர் வாழ்நாளில் இப்படிப் பிரித்ததில்லை. தவறாக எண்ணினால் பெயர் போய்விடும் என்று பயந்தவர் என்னை எண்ணச் சொல்லியிருக்கமாட்டார். காலைச் சாப்பாட்டு மேசையில், "உங்களுது பொருந்தல," என்று நான் சொல்வேன். "அப்ப மறுபடி," என்பார். மீன் ஆறிப்போகும். அவ்வளவுதான் எங்கள் வீட்டில் நடந்தது. நீங்கள் அவருக்குச் செய்யும் மரியாதையை அவருக்கு நான் ஒருநாளும் செய்ததில்லை. அதை அவர் கேட்டதும் இல்லை.

போன வாரம் பழைய படம் ஒன்றை மேசையில் விரித்தேன். கண் அறுவைக்குப் பிறகு எண்ணியதில்லை. திருப்பி வைக்க ஆள் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நானே படத்தைச் சுழற்றினேன். எங்கே நின்றது என்று பார்க்காமல் கண்ணாடித்தாளை வைத்தேன். இரண்டு நாள் பிடித்தது. முடித்தபோது படிக்கட்டுப் பக்கம் தலை திரும்பியது. பழக்கம்தான்.

அவர் கேட்டதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. எண்ணிவிட்டேன். மேடையில் சொன்னதோடு பொருந்தவில்லை.

பலகையிலும் துணைப்பாட நூலிலும் இருக்க வேண்டிய வாசகத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். இதில் எதையும் இனிமையாக்கக் கூடாது.

"நிலாவின் நமக்குத் தெரியும் பக்கமும் மறுபக்கத்தைப் போலவே அடி வாங்கியது. இந்தப் பக்கத்தில் பழைய குழிகளை எரிகுழம்பு மூடிவிட்டது. அதனால் குறைவாகத் தெரிகின்றன. நிலா போகும் திசையில் எப்போதும் முன்னால் இருப்பது இடது விளிம்பு. புதிய குழிகள் அங்கே சற்று அதிகம். பூமி குறுக்கே நிற்பதில்லை. இதை எண்ணியவர் இனாமி செய்ஜிரோ. 2005 வசந்தத்தில் அவர் பிள்ளைகளிடம் வேறு விடை சொன்னார். சொன்னதும், சரிபார்க்கும்படி கேட்டார். சரிபார்க்கப்பட்டது. அந்த விடை தவறு. இரண்டாவது எண்ணிக்கை: இனாமி மிட்சுயே."

ஊருக்குத் தெரிந்துவிடுமே என்பீர்கள். தெரியட்டும். அவருக்கு நினைவு தப்பியதில் எனக்கு வெட்கம் இல்லை. தப்பிய நினைவுக்குச் சட்டம் போட்டு மாட்டி, அதற்கு முன்னால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதில்தான் வெட்கம். அந்தச் சிறுமி இப்போது நடுநிலைப் பள்ளியில் இருப்பாள். நல்ல கேள்வி கேட்டாள். அவளுக்கு இன்னும் சரியான பதில் போய்ச் சேரவில்லை.

பழைய பலகையைத் திருப்பித் தரமாட்டேன். இந்தக் கடிதத்தோடு உறையில் நாலு திருகாணிகள் இருக்கின்றன. புதிய பலகைக்கு அவையே போதும்.

இந்த வாசகத்தைப் பலகையிலும் நூலிலும் வைக்கிறீர்களா, இல்லையா? தொலைபேசி வேண்டாம், திராட்சை வேண்டாம், வாசலில் வந்து நிற்க வேண்டாம். நூல் அச்சுக்குப் போகும் முன் எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

இனாமி மிட்சுயே